முன் கண்ணாடியில் கீறல், டின்ட்டும் ஒட்ட வேண்டும்: எதை முதலில் செய்வது?

கொக்குவில்_வெசல் எழுதியது:

வணக்கம். கொழும்பிலிருந்து வரும்போது பரந்தனுக்குக் கிட்ட முன்னால் போன மணல் லொறியிலிருந்து ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியில் பட்டது. அன்றைக்கு ஒரு சின்னப் புள்ளிதான். யாழ்ப்பாண வெயிலில் நின்று நின்று அந்தப் புள்ளியிலிருந்து கீறல் கிளம்பி இப்போது ஒரு சாண் நீளத்துக்குப் போய்விட்டது. அதுவும் சாரதி பக்கம். வாகனம் ஹொண்டா வெசல், ஜப்பானில் ஓடி வந்தது. பின் ஷட்டர்கள் (கதவுக் கண்ணாடிகள்) வரும்போதே கறுப்பு, முன் இரண்டும் வெள்ளை, அதாவது நிறமில்லாதவை. மதியம் வெளியே போனால் ஏசி போட்டும் வலது கை எரிகிறது. எப்படியும் கண்ணாடிக் கடைக்குப் போகத்தான் போகிறேன், அதோடு சுற்றிவர டின்ட்டையும் (வெயிலை மறிக்க ஒட்டுகிற படலம்) ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை. கீறலை ஒட்ட முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா? டின்ட் ஒட்டினால் பொலிஸ் பிரச்சினை வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

நல்லூரான் எழுதியது:

தம்பி, யோசிக்காமல் ஒட்டும். என்னுடையது சுற்றிவரக் கறுப்பு. ஒரு நாளும் மறித்ததில்லை.

கண்ணாடிக்கார_அண்ணை எழுதியது:

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் கீறல். ஒரு சாண் நீளம், சாரதியின் பார்வைக்கு நேரே என்றால் அதை ஒட்டுகிற கதை முடிந்தது. கல் பட்ட அன்றைக்கே வந்திருந்தால் வேறு. புள்ளிக்கு மேல் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, ரெசினை அழுத்தி இறக்கி, கழியூதா (யு.வி.) விளக்கைப் பிடித்து இறுக வைப்போம். தழும்பு மெல்லிதாகத் தெரியும், ஆனால் கீறல் அங்கேயே நின்றுவிடும். அதுவரைக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: புள்ளிக்கு மேல் தெளிவான செலோடேப் ஒரு துண்டை ஒட்டி, தூசியும் தண்ணீரும் போகாமல் வைத்திருப்பது. வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், கொதிக்கிற கண்ணாடிக்கு ஏசி காற்றை நேரே திருப்பிவிடுவதும்தான் புள்ளியைக் கீறலாக்கும் வேலை. இங்கே முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

முன் கண்ணாடி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் மற்றது விளங்கும். அது ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு. நடுவில் ஜாம் தடவிய பாண் மாதிரி, இரண்டு தகட்டுக்கும் நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கும். பெரும்பாலும் 0.76 மில்லிமீற்றர் தடிப்பு. கல் பட்டால் வெளித் தகடு மட்டும் வெடிக்கும், படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கதவுக் கண்ணாடி வேறு ஜாதி. அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிரவைத்து எடுப்பார்கள். அடித்தால் குட்டிக் குட்டிக் கட்டிகளாகக் கொட்டுண்டு போகும். அதனால்தான் ஷட்டரில் கீறல் என்று யாரும் வருவதில்லை. இருந்தால் முழுசாக இருக்கும், இல்லையென்றால் சீற்றில் கிடக்கும்.

இப்போது மாற்றுவது. எல்லோரும் கண்ணாடி என்ன விலை, எந்த நாட்டுச் சாமான் என்றுதான் கேட்கிறார்கள். என்ன பசை போடுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் காலத்து வாகனங்களில் முன் கண்ணாடி கூரையைத் தாங்கும் உடம்பில் ஒரு பங்கு. பல வாகனங்களில் பக்கத்து இருக்கையின் எயார்பேக் கண்ணாடியில் மோதித்தான் ஆளின் பக்கம் திரும்பும். பசை பிடிக்கவில்லை என்றால் எயார்பேக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். போட வேண்டியது யூரேதேன். சில இடங்களில் சிலிக்கனைப் போட்டு அனுப்புகிறார்கள். சிலிக்கன் தண்ணீரை மறிக்கும், ஆளைக் காக்காது.

செய்கிற முறையையும் பார்த்துக்கொள்ளுங்கோ. பழைய கண்ணாடியைக் கம்பியால் அறுத்து எடுப்போம், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. எடுத்த பிறகு சட்டத்தில் பழைய பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இரும்பு தெரியும் வரை சுரண்டுகிறவனிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விட்டு மட்டமாக வெட்டி, அதன் மேல்தான் புதுப் பசை போக வேண்டும். பெயின்ட் எங்கேயாவது கீறுப்பட்டால் பிறைமர் பூசாமல் மூடக்கூடாது. எங்கட ஊர் உப்புக் காற்றில், அதுவும் ஊர்காவற்துறை, காரைநகர் பக்கம் ஓடுகிற வாகனம் என்றால், அந்தக் கீறலில் பிடிக்கிற கறள் வெளியே தெரியாமல் சட்டத்தைச் சுற்றிச் சாப்பிடும். அடுத்த முறை கண்ணாடியை எடுக்கும்போதுதான் தெரியவரும்.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. வெயில் நேரே பட்டால் யூரேதேன் காலப்போக்கில் கெட்டுப்போகும், அதை மறைக்கத்தான். அந்தப் பட்டைக்கு உள்ளே பசையின் வரம்பு அறாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். கையால் அங்கங்கே ஒட்டு வைக்கிற வேலை ஒழுகும்.

பூட்டின உடனே ஓடக்கூடாது. எவ்வளவு நேரம் என்பது பசையின் குழாயிலேயே எழுதியிருக்கும். ஒரு மணித்தியாலத்தில் ஓடலாம் என்கிற சாமானும் உண்டு, ஒரு நாள் விடச் சொல்கிற சாமானும் உண்டு. இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அந்த வகையில் எங்கட ஊர் நல்லது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு ஒரு ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி வையுங்கோ. எல்லாம் மூடியிருக்கக் கதவை அடித்துச் சாத்தினால் உள்காற்று கண்ணாடியைத் தள்ளும். ஒட்டியிருக்கிற டேப்பை அடுத்த நாள் வரை எடுக்க வேண்டாம், பிறஷர் கழுவலுக்கும் சில நாள் விடுங்கோ.

டின்ட்டைப் பற்றி: முன் கண்ணாடி வேலை முதல், டின்ட் பிறகு. டின்ட் ஒட்டும்போது சவர்க்காரத் தண்ணீர் நிறைய அடிப்பார்கள், கதவுகளை அடிக்கடி திறந்து சாத்துவார்கள். பசை இறுகும் நேரத்தில் இரண்டும் வேண்டாம்.

கொக்குவில்_வெசல் எழுதியது:

அண்ணை, நன்றி. உச்சியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமெராப் பெட்டி இருக்கிறது. அதுக்கு ஏதாவது செய்ய வேணுமா?

கண்ணாடிக்கார_அண்ணை எழுதியது:

கட்டாயம். வீதியில் போட்ட கோட்டைப் பார்க்கிற, முன்னால் உள்ள வாகனத்தைப் பார்த்துப் பிறேக் பிடிக்கிற கமெரா அது. கண்ணாடி ஒரு துளி சரிந்தாலும் அது தூரத்தைப் பிழையாகக் கணிக்கும். மாற்றிய பிறகு ஸ்கேனரைப் பூட்டி கமெராவைத் திரும்ப ஒழுங்குபடுத்த வேண்டும். கண்ணாடி வாங்கும்போதே கமெராவுக்கான தாங்கி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கோ. ‘வெசல் கண்ணாடி’ என்று மட்டும் கேட்டால் தாங்கி இல்லாததைத் தந்துவிடுவார்கள், பிறகு யாராவது டபுள் டேப் போட்டு ஒட்டுவார்கள். கமெராவை ஒழுங்குபடுத்த வசதியில்லாத இடத்தில் செய்தால், எங்கே கொண்டுபோய்ச் செய்வது என்று முதலே பேசிவிடுங்கோ.

ஹரோ_குமரன் எழுதியது:

லண்டனிலிருந்து. இங்கே வருடாந்தப் பரிசோதனையில் முன் கண்ணாடிக்கு ஒரு நல்ல கணக்கு வைத்திருக்கிறார்கள், ஊரிலும் கைக்கு உதவும். ஸ்டியரிங்குக்கு நேரே, வைப்பர் துடைக்கிற பகுதிக்குள் 290 மில்லிமீற்றர் அகலப் பட்டை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 10 மில்லிமீற்றருக்கு மேல் பழுது இருந்தால் வாகனம் சித்தியடையாது. வைப்பர் துடைக்கிற மற்ற இடங்களில் 40 வரை விடுவார்கள். கொக்குவில் தம்பியின் ஒரு சாண், வைப்பர் துடைக்கிற பகுதிக்குள் எங்கே இருந்தாலும் சித்தியடையாது.

டின்ட்டில் இவர்கள் இன்னும் கறார். 1985 ஏப்ரல் 1க்குப் பிறகு ஓடத் தொடங்கிய வாகனம் என்றால் முன் கண்ணாடி 75 வீதம் வெளிச்சத்தை விட வேண்டும், முன் கதவுகள் 70 வீதம். பின்னால் எவ்வளவு கறுப்பு என்றாலும் கேட்கமாட்டார்கள்.

லா_சப்பல் எழுதியது:

பிரான்ஸிலும் 2017 ஜனவரி 1இலிருந்து முன் கண்ணாடிக்கும் முன் கதவுகளுக்கும் 70 வீதம். மீறினால் 135 யூரோ தண்டம், அதோடு லைசன்ஸில் 3 புள்ளி போகும். புள்ளி போவதுதான் வலிக்கும். எங்கட ஆட்களில் எத்தனையோ பேர் இந்தச் சட்டம் வந்த கிழமையே நகத்தால் சுரண்டி எடுத்தவர்கள்.

ஸ்காபரோ_சின்னையா எழுதியது:

ஒன்ராறியோவும் அதே 2017 ஜனவரி 1தான். அந்தத் திகதிக்குப் பிறகு தயாரித்த வாகனத்தில் முன் கதவுகள் 70 வீதம் விட வேண்டும். இங்கே ஆறு மாதம் பனி, நான்கு மணிக்கே இருட்டு, அதிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, இங்கே என்ன நியாயமோ தெரியாது.

நல்லூரான் எழுதியது:

லண்டன், பரிஸ் சட்டத்தை வைத்துக்கொண்டு தட்டாதெருச் சந்தியில் என்ன செய்வது? அங்கே நிற்கிற பொலிஸ்காரர் ஒளி அளக்கிற மீற்றர் வைத்துக்கொண்டா நிற்கிறார்?

கறுப்புக்_கோட்டு எழுதியது:

மீற்றர் இல்லாததுதான் உங்களுக்குப் பாதகம், நல்லூரான் அண்ணை. மீற்றர் இருந்தால் இலக்கத்தைக் காட்டி வாதாடலாம். இல்லாத இடத்தில் அவருடைய கண்தான் மீற்றர். சாரதியின் முகம் தெரியவில்லை என்றால் மறிப்பார், அதற்குமேல் அவர் மனநிலை.

எங்கட நாட்டில் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். அதன் கீழ் அமைச்சர் ஆக்குகிற ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வரும், திருத்தங்களும் அப்படியே. அதி விசேட வர்த்தமானிகள் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடக்கும். முகநூலில் சுற்றுகிற வீதக் கணக்கு அட்டவணைகளில் பாதி இந்தியாவினுடையவை, சிலது அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தினுடையவை. அதைப் போனில் காட்டி வாதாடப் போகாதீர்கள். காசு கொடுப்பதற்கு முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

2025 தொடக்கத்தில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிகச் சாமான்களைக் கழற்ற வைத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வருடக் கணக்காக ஒருவரும் கேட்காத விஷயம், ஒரு நாள் காலையில் கேட்டார்கள். ‘இதுவரை மறித்ததில்லை’ என்பது அனுமதி இல்லை.

இந்தியக் கதை தனி. அங்கே 2012 ஏப்ரல் 27இல் உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடியில் எந்த வீதத்திலும் படலம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கண்ணாடியே நிறமாகச் செய்யப்பட்டிருந்தால் முன்னும் பின்னும் 70, பக்கங்களில் 50 வீதம் விட வேண்டும். பிறகு விதியைத் திருத்தினார்கள். 2024இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த அளவுக்குள் நிற்கிற படலம் ஒட்டலாம் என்றது. ஒரே நாட்டுக்குள்ளேயே பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது.

ஹயஸ்_சாரதி எழுதியது:

சட்டத்தை விடுங்கோ. நான் இரவில் கொழும்பு ஓடுகிறவன். கிளிநொச்சி தாண்டினால் மாடு. கறுப்பு மாடு, கறுப்புத் தார், நடு வீதியில் படுத்திருக்கும். முன்னால் வருகிறவன் ஹை பீம் அடித்தால் அந்த வெளிச்சத்துக்குப் பிறகு சில விநாடி ஒன்றும் தெரியாது. இந்த நிலையில் முன் கண்ணாடியில் ஒரு படலத்தையும் ஒட்டச் சொல்கிறவன் இரவில் ஓடாதவன்.

ஊருக்குள்ளே இன்னும் மோசம். ஒழுங்கைக்குள் இருந்து பின்பக்கமாக எடுக்கும்போது, லைட் இல்லாத சைக்கிள் வருகிறதா என்று முன் ஷட்டர் ஊடாக வெளியே உள்ள சைட் மிரரைப் பார்க்க வேண்டும். முன் ஷட்டர் கறுப்பென்றால் மாரி மழை இரவில் அந்த மிரரில் ஒன்றும் தெரியாது. ஷட்டரை இறக்கித்தான் பார்க்க வேண்டும், நனைவது நாம்தான்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், சோதனைச் சாவடிக் காலத்தில் இரவில் கிட்ட வரும்போதே ஹெட்லைட்டை மங்கவைத்து, உள் லைட்டைப் போட்டு, ஷட்டரை இறக்கிக்கொண்டுதான் வருவோம். எனக்கு இன்றைக்கும் யாராவது கை காட்டினால் கை தானாக உள் லைட் சுவிச்சுக்குப் போகிறது.

பௌதிகவியல்_சேர் எழுதியது:

ஒரு அடிப்படை விஷயம் இந்த இழையில் இன்னும் வரவில்லை. எல்லோரும் கறுப்பு என்றால் குளிர் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

நிலத்துக்கு வரும் சூரிய சக்தியில் கழியூதா மூன்று முதல் ஐந்து வீதம். கண்ணுக்குத் தெரியும் ஒளி நாற்பது சொச்சம். மிச்சம், பாதிக்குச் சற்றுக் கூட, செங்கீழ்க் கதிர் (இன்ஃப்ராரெட்). அதைக் கண்ணால் காண முடியாது. மலிவான சாயப் படலம் தெரிகிற ஒளியைத்தான் பெரும்பாலும் குறைக்கும், செங்கீழ்க் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அது உறிஞ்சுகிற ஒளியும் சும்மா போகாது, கண்ணாடியைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளேதான் வரும். மதியம் ஒருக்கால் கறுப்பு ஒட்டிய ஷட்டரை உள்பக்கம் தொட்டுப் பாருங்கள்.

செராமிக் படலம் எதிர்ப்பக்கம். அது செங்கீழ்க் கதிரைப் பிடிக்கும், ஒளியை விட்டுவிடும். ஏறக்குறைய நிறமே இல்லாத செராமிக் படலம், கறுகறுவென்ற சாயப் படலத்தைவிட வெப்பத்தை அதிகமாக மறிக்கலாம். விலைதான் கூட. உலோகப் படலமும் வெப்பத்தை மறிக்கும், ஆனால் ஜி.பி.எஸ்., ரேடியோ, சிலவேளை போன் சிக்னலையும் சேர்த்து மறிக்கும். பின் கண்ணாடியில் அன்ரனா பதித்த வாகனமென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

கடைகளில் ஒரு வித்தை காட்டுவார்கள். சிவப்பு விளக்கு ஒன்றை எரியவிட்டு, படலத் துண்டைப் பிடித்து, ‘கையை வைத்துப் பாருங்கள், சூடு வருகிறதா’ என்று கேட்பார்கள். அந்த விளக்கு சூரியன் இல்லை. ‘செங்கீழ்க் கதிரில் 95 வீதம் மறிக்கும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதும் பல தடவை ஒரு குறுகிய அலைநீளப் பட்டையில் மட்டும் அளந்தது. கேட்க வேண்டிய இலக்கம் டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்தச் சூரிய சக்தியில் எவ்வளவைத் தள்ளுகிறது என்பது. அந்த இலக்கம் எப்போதும் சின்னதாக இருக்கும், அதனால்தான் அதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இன்னொன்று, பெருக்கல். 70 வீதப் படலம் ஒட்டினால் 70 வீதம் தெரியும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடி தானே ஒரு பங்கை எடுக்கும். கண்ணாடி 80 வீதம் விட்டால், அதன்மேல் 70 படலம் ஒட்ட மொத்தம் 56. 35 ஒட்டினால் 28. வெசலின் பின் ஷட்டர் 25 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 35 ஒட்டினால் 9க்கும் கீழே. பகலில் பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்க முடியாது.

கொக்குவில்_வெசல் எழுதியது:

சேர், பின் ஷட்டர் ஏற்கெனவே கறுப்புத்தானே. அதுக்குள் சூடு வராதென்று நினைத்தேன். பிள்ளையின் சீற் அங்கேதான்.

பௌதிகவியல்_சேர் எழுதியது:

அந்தக் கறுப்பு மறைப்புக்கு, வெப்பத்துக்கு இல்லை. கண்ணாடிக்குள்ளேயே கலந்த சாயம். பின்னால் சூடு குறைய வேண்டுமென்றால் நிறம் இல்லாத செராமிக்கை அந்தக் கறுப்பின் மேல் ஒட்டுங்கள். இருட்டு அதிகமாகாது, வெப்பம் குறையும். முன் ஷட்டர்கள் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஜப்பானிலும் முன் கண்ணாடிக்கும் முன் கதவுகளுக்கும் 70 வீதச் சட்டம்தான், பின்னால் கட்டுப்பாடு இல்லை. அந்தச் சட்டத்தின் உருவம்தான் உங்கள் வாகனத்தில் இருக்கிறது.

கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும், எல்லோரும் ஒருமுறை பாருங்கள். 43ஆர் என்பது ஐக்கிய நாடுகளின் கண்ணாடி விதி. ரோமன் இலக்கத்தில் 2 போட்டிருந்தால் அது இரட்டைத் தகட்டு முன் கண்ணாடி. ரோமன் 5 போட்டிருந்தால் 70 வீதத்துக்குக் குறைவாக ஒளி விடுகிற கண்ணாடி, அதை முன்னால் பூட்டக்கூடாது. அமெரிக்க முறையில் ஏ.எஸ்.1 என்றால் முன் கண்ணாடி. ‘டெம்பர்ட்’ என்று எழுதிய கண்ணாடியை யாராவது முன்னுக்குப் பூட்ட வந்தால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சண்டிலிப்பாய்_தாதி எழுதியது:

சேர் கழியூதாவை ஒரு வரியில் விட்டுவிட்டார். வெப்பத்தில் அது சின்னப் பங்குதான், தோலுக்கு அதுதான் பெரிய பங்கு. முன் கண்ணாடியின் நடுப் படலம் கழியூதாவை ஏறக்குறைய முழுக்க மறிக்கும். கதவுக் கண்ணாடியில் அந்தப் படலம் இல்லை. கழியூதாவில் ஏ வகை அதற்குள்ளால் வரும், எவ்வளவு என்பது காருக்குக் கார் வித்தியாசம். எங்கட சாரதிகளின் வலது கையையும் இடது கையையும் சேர்த்து வைத்துப் பாருங்கோ. வெயில் ஒத்துக்கொள்ளாத லூபஸ் நோய் உள்ள ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டி வருகிற அம்மா ஒருவர் ஷட்டருக்குப் பழைய சேலைத் துணி கட்டிக்கொண்டு வருவார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: நிறமே இல்லாத கழியூதாப் படலம் இருக்கிறது. நல்ல படலங்கள் 99 வீதம் மறிக்கும். அதற்குக் கறுப்பு தேவையே இல்லை. சில ஜப்பான் வாகனங்களில் முன் கதவுக் கண்ணாடியே அந்த வகை, சேர் சொன்ன முத்திரைக்குப் பக்கத்தில் யு.வி. என்று எழுதியிருக்கும்.

மொறிஸ்_மாமா எழுதியது:

பிள்ளைகளே, உங்கட கமெராவும் எயார்பேக்கும் எனக்கு இல்லை. என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர், முன் கண்ணாடி இரண்டு துண்டாக, நடுவில் கம்பு. 1956இல் மொறிஸ் 1000 வந்த பிறகுதான் அதை ஒரே துண்டாக வளைத்துச் செய்தார்கள். தட்டையான இரண்டு துண்டு என்பதில் எனக்கு ஒரு வசதி. வீட்டுக் கண்ணாடி வெட்டுகிறவனிடமே லமினேட் தகடு வாங்கி, அட்டையில் அச்செடுத்துக் கொடுத்தால் வெட்டித் தருவான். வளைந்த கண்ணாடிக்காரர்கள் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பசையும் இல்லை, றப்பர் பீடிங்தான். பூட்டுகிற முறை அழகான வேலை. கண்ணாடியைச் சுற்றி றப்பரைப் போட்டு, றப்பரின் உள் வாய்க்குள் நைலோன் கயிறு ஒன்றைச் சுற்றிவர வைத்து, இரண்டு நுனியையும் காருக்குள்ளே விடுவோம். சவர்க்காரத் தண்ணீர் பூசி வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அமத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டு வர, றப்பரின் உதடு சட்டத்துக்கு மேலால் பாய்ந்து பாய்ந்து உட்காரும். அவசரப்பட்டால் மூலையில் வெடிக்கும். தொண்ணூறுகளில் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் றப்பர் எங்கே கிடைத்தது? சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்து ஓடினோம்.

எனக்குத் தேவை, வெயிலுக்கு ஏதாவது. ஏசி இல்லாத கார்.

கண்ணாடிக்கார_அண்ணை எழுதியது:

மாமா, அந்தக் காருக்கு ஒன்றும் ஒட்டாதீங்கோ. ஏசி இல்லாத காரில் ஷட்டர் இறங்கித்தானே இருக்கும், படலம் கதவுக்குள் போய் என்ன செய்வது? நிற்கும் நேரத்துக்கு உள்ளே ஒரு மறைப்பு விரியுங்கோ. எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். வாகனத்தில் பெரிய கண்ணாடி முன் கண்ணாடி, நிறுத்திய வாகனத்துக்கு வெயில் வருகிற பெரிய வாசல் அதுதான். பளபளக்கிற மறைப்பு ஒன்றை விரித்துவிட்டுப் போவது பல டின்ட்டை விட நல்லது. விலையும் சொற்பம்.

நல்லூரான் எழுதியது:

அப்ப என்னுடைய கறுப்பு எல்லாம் வீண் என்கிறீர்கள்.

ஸ்காபரோ_சின்னையா எழுதியது:

வீண் இல்லை அண்ணை. ஆர் உள்ளே இருக்கிறார் என்று தெரியாமல் திருவிழாவுக்கு வந்துபோகலாம்.

மாவிட்டபுரம்_மருமகன் எழுதியது:

முன் கண்ணாடி மாற்ற காப்புறுதி தருமா? லீசிங் வாகனம், முழுக் காப்புறுதி.

ஹயஸ்_சாரதி எழுதியது:

பொலிசியில் ‘வின்ட்ஸ்கிரீன் கவர்’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறதா என்று பாரும். இருந்தால் அந்தத் தொகை வரைக்கும் கிடைக்கும். ஆனால் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முதல் அவர்களுக்கு அழைத்துச் சொல்லிப் படமும் எடுத்துவிட வேணும். கழற்றி எறிந்த பிறகு அழைத்தால் எதைக் காட்டுவீர்? நோ கிளைம் போனஸ் குறையுமா என்பதையும் அந்த அழைப்பிலேயே கேளும், பொலிசிக்குப் பொலிசி வேறு. ஒட்டியிருக்கிற டின்ட்டுக்குப் பெரும்பாலும் தனியாகச் சொல்லியிருக்க வேணும். அப்புறம் முன் கண்ணாடியில் இருக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தை வீட்டிலேயே கழற்றிப் பத்திரப்படுத்தும். கடையில் பழைய கண்ணாடியோடு சேர்ந்து குப்பைக்குப் போனால் அதுக்கு வேறு அலைச்சல்.

கொக்குவில்_வெசல் எழுதியது:

வேலை முடிந்தது, விபரம் எழுதுகிறேன். கண்ணாடி புதியது, கமெராத் தாங்கியோடு வந்தது, முத்திரையில் ரோமன் 2. ஜப்பானில் பாவித்து வெட்டி வந்த கண்ணாடி ஒன்றும் காட்டினார்கள். விலை குறைவு. டோர்ச்சைச் சரிவாகப் பிடித்துப் பார்த்தபோது வைப்பர் ஓடிய தடம் வளைவு வளைவாகத் தெரிந்தது, விட்டுவிட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் வெசலின் சாமான் விலை இறங்கவில்லை என்று கடைக்காரர் அழுதார். பசைக் குழாயை வாங்கி வாசித்தேன். ‘இதையும் படிக்கிறியளோ’ என்று கேட்டார்.

கமெரா வேலை வேறு இடத்தில் செய்தேன். ஸ்கேனரைப் பூட்டி, முன்னால் ஒரு பலகையை அளந்து நிறுத்தி, அது முடியும் வரைக்கும் ஒருவரையும் வாகனத்தில் ஏற விடவில்லை.

டின்ட்: பின்னால் நிறமில்லாத செராமிக். முன் கதவுகளுக்கும் நிறமில்லாததுதான், வெளியிலிருந்து பார்த்தால் என் முகம் நன்றாகத் தெரியும். வலது கை எரிவது நின்றுவிட்டது. முன் கண்ணாடியில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டிய பிறகு ஓரங்களில் பால் மாதிரி ஒரு மங்கல் தெரிகிறது. தண்ணீர்க் குமிழ்களும் உண்டு. திரும்பக் கொண்டுபோக வேணுமா?

கண்ணாடிக்கார_அண்ணை எழுதியது:

பொறும். படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் நின்ற தண்ணீர் காய வேண்டும், அதுக்குச் சில கிழமை எடுக்கும். வெயிலில் விடும். இரண்டு மூன்று நாளைக்கு ஷட்டரை இறக்காதேயும், ஓரம் சுருண்டுவிடும். காய்ந்த பிறகும் நிற்கிற குமிழை நகத்தால் தடவிப் பாரும். உள்ளே பரல் மாதிரித் தட்டுப்பட்டால் அது தூசி, ஒட்டியவரின் பொறுப்பு. சோளகக் காற்றுக் காலத்தில் திறந்த கொட்டிலில் வைத்து ஒட்டுகிற கடைகளில் இந்தத் தூசி கட்டாயம் இருக்கும். கதவு சாத்திய அறை உள்ள இடமாகப் பார்க்கச் சொல்வது அதுக்குத்தான்.

உரும்பிராய்_பழையகார் எழுதியது:

அண்ணை, என் வாகனத்தின் பின் கண்ணாடியில் முன்னைய சொந்தக்காரர் ஒட்டிய கறுப்பு இப்போது ஊதா நிறமாகிக் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. பிளேட்டால் சுரண்டி எடுக்கலாமா? கண்ணாடியில் மெல்லிய கோடு கோடாக இருக்கிறது.

கண்ணாடிக்கார_அண்ணை எழுதியது:

பிளேட்டைத் தொடாதேயும்! அந்தக் கோடுகள் கண்ணாடியில் படிகிற நீராவி மங்கலை எடுக்கிற சூடாக்கிக் கம்பிகள், கண்ணாடியின் உள்பக்கத்தில் அச்சடித்தவை. பிளேட் பட்டால் அறுந்துபோகும், மாரியில் பின்னால் ஒன்றும் தெரியாது. ஊதா நிறம் என்றால் சாயப் படலம், சாயம் செத்துவிட்டது. ஆவி பிடிக்கிற இயந்திரத்தால் பசையை இளக வைத்து, மேல் மூலையிலிருந்து கோடு போகிற திசையிலேயே, பக்கவாட்டில், மெதுவாக உரிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் கம்பியும் சேர்ந்து வரும். மிச்சப் பசையைச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பிளாஸ்டிக் சுரண்டியும் போட்டு எடுக்கலாம். அமோனியா போடச் சொல்லி வீடியோக்களில் காட்டுவார்கள். பூட்டிய காருக்குள் அந்த மணத்தோடு இருக்க முடியாது, பிள்ளைகள் உள்ள வீடென்றால் வேண்டாம். கடைக்குக் கொண்டு வருவதாக இருந்தால் மதியத்தில் வாரும், கண்ணாடி சூடேறி நிற்கும்போது பாதி வேலை மிச்சம்.